இசையை மறைக்கும் இரைச்சல்

வீட்டில் மின்விசிறி சுழன்று கொண்டிருக்க, பாட்டரியால் இயங்கும் வானொலிப் பெட்டியில் வாய்ப்பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்பொழுது, திடீரென மின்சாரம் தடைப்பட்டு விசிறி நின்றுவிடுவதுண்டு. அதுவரை செவியிற் படாதிருந்த தம்பூராவின் சுருதி அக்கணமே தெளிவாகக் கேட்கத் தொடங்குகிறது. வானொலியின் ஒலியளவை எவரும் மாற்றவில்லை. அறையின் இரைச்சல் நீங்கியதே காரணமாகும். ஓர் ஒலியின் மிகுதியால் மற்றோர் ஒலி கேளாமற் போகும் இந்நிகழ்ச்சி ‘ஒலி மறைப்பு’ எனப்படும்.

இதன் காரணம் செவியின் அமைப்பிலேயே உள்ளது. உட்செவியில் நத்தைக்கூடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் நீண்டு கிடக்கும் சவ்வின் அடிப்பகுதி உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளுக்கும், நுனிப்பகுதி தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளுக்கும் மிகுதியாக அதிர்கின்றன. தாழ்ந்த ஒலியின் அலை நுனியை நோக்கிச் செல்லும் வழியில் அடிப்பகுதியையும் அசைக்கின்றது. ஆகவே, வலிமை மிக்க தாழ்ந்த ஒலி தன்னிலும் உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. வெகல், லேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1924-ஆம் ஆண்டில் இதனை அளந்து காட்டினர். விசிறியின் ஓசையிலும் தெருவிற் செல்லும் லாரியின் ஓசையிலும் தாழ்ந்த ஒலிகளே மிகுதி. சிதாரின் தந்தியை மீட்டியபின் தேய்ந்து செல்லும் நாதம் போன்ற நுண்ணிய பகுதிகள் இவற்றில் மூழ்கிவிடுகின்றன.

இந்நிலையில் கேட்போர் வானொலியின் திருகைத் திருப்பி ஒலியைக் கூட்டுவது வழக்கம். இதன் விளைவு யாது? ஓர் இசையின் மிக மெல்லிய பகுதி 40 டெசிபெல், மிக உரத்த பகுதி 80 டெசிபெல் எனக் கொள்வோம். அமைதியான அறையில் இரண்டும் நன்கு கேட்கும். அறையின் இரைச்சல் 55 டெசிபெல் ஆயின், மெல்லிய பகுதி மறைந்துவிடும். அதனை மீட்க 20 டெசிபெல் கூட்டினால், உரத்த பகுதியும் 100 டெசிபெல்லை எட்டும். ஒலியின் ஆற்றல் நூறு மடங்காகும். தொழிற்சாலைப் பணியாளரின் செவியைக் காப்பதற்கென அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவின்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். 100 டெசிபெல்லையோ 15 நிமிடமே கேட்கலாம். பேரொலியால் அழிந்த உட்செவி உணர்வணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

ஆகையால், இசையை உயர்த்துவதைவிட இரைச்சலைக் குறைப்பதே தக்க வழியாகும். இதிலும் ஒரு முறை உண்டு. 60 டெசிபெல்லும் 50 டெசிபெல்லும் சேர்ந்தால் 110 ஆவதில்லை, ஏறக்குறைய 60.4 டெசிபெல்லே ஆகும். சிறிய இரைச்சலை நிறுத்துவதால் பயன் சொற்பம். பெரியது எது எனக் கண்டு அதனையே முதலில் குறைத்தல் வேண்டும். தெருப்பக்கத்துச் சன்னலை மூடுதல், விசிறியின் வேகத்தைத் தணித்தல், வானொலியை அருகில் வைத்துக் கேட்டல் ஆகியவை செலவற்ற வழிகள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். விசிறி சுழலும்பொழுது, பாடல் தெளிவாகக் கேட்கும் வரை ஒரு மாணவனைக் கொண்டு வானொலியின் ஒலியைக் கூட்டச் செய்க. பின்னர் திருகைத் தொடாமல் விசிறியை நிறுத்துக. இரைச்சலை வெல்வதற்காக மட்டும் தம் செவிகள் எவ்வளவு ஒலியைச் சுமந்தன என்பதை மாணவர்கள் தாமே உணர்வர்.