போருக்குச் சாட்சி சொன்ன சித்திரவதை

2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். ஈராக் மீது படையெடுத்தே ஆகவேண்டும் என்று உலகத்தை நம்பவைப்பதுதான் அந்தப் பேச்சின் நோக்கம். சதாம் உசேன் அரசு அல் கொய்தாவினருக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றும், இதைச் சொன்னவர் பிடிபட்ட மூத்த பயங்கரவாதி ஒருவர் என்றும் அவர் குறிப்பிட்டார். பெயரைச் சொல்லவில்லை. எந்த நாட்டில், எந்த நிலையில் அந்த மனிதர் வாய்திறந்தார் என்பதையும் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து பாக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கின.

அந்தக் கைதி லிபியாவைச் சேர்ந்த இப்னு அல்-ஷேக் அல்-லிபி. 2001 இறுதியில் பாகிஸ்தானில் பிடிபட்டவர். முதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவரை வழக்கமான முறையில் விசாரித்தார்கள். பிறகு சி.ஐ.ஏ. அவரைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, 2002 தொடக்கத்தில் எகிப்துக்கு அனுப்பியது. ஈராக்குக்கும் அல் கொய்தாவுக்கும் என்ன தொடர்பு என்று அங்கே கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. சுமார் 50 சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு பெட்டிக்குள் 17 மணி நேரம் அடைத்துவைத்தார்கள். வெளியே எடுத்து, கடைசி வாய்ப்பு என்று சொல்லி, கீழே தள்ளி அடித்தார்கள். அதன் பிறகு அவர் ஒரு கதை சொன்னார். கேட்டவர்களுக்கு வேண்டிய கதை. பின்னாளில் சி.ஐ.ஏ.விடம் அவரே சொன்ன இந்த விவரங்கள் அமெரிக்க செனட் உளவுத்துறைக் குழுவின் 2006 அறிக்கையில் பதிவாகியுள்ளன.

அமெரிக்க ராணுவ உளவு நிறுவனம் 2002 பிப்ரவரியிலேயே இந்தக் கைதியின் பேச்சைச் சந்தேகித்தது. யார் பயிற்சி கொடுத்தது, எங்கே, என்ன ஆயுதம் என்ற விவரம் எதுவும் அவர் பேச்சில் இல்லை. விசாரிப்பவர்களை வேண்டுமென்றே திசைதிருப்புகிறார் போலிருக்கிறது என்று எழுதிவைத்தது. அந்த எச்சரிக்கை இருந்தும், அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் புஷ் சின்சினாட்டி நகரில் இந்தக் குற்றச்சாட்டை உறுதியான உண்மைபோல மக்கள் முன் வைத்தார். அல்-லிபி 2004 ஜனவரியில் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். சி.ஐ.ஏ.வும் அதை அடிப்படையாகக் கொண்ட தன் அறிக்கைகளை விலக்கிக்கொண்டது. அதற்குள் போர் தொடங்கி ஓராண்டு நெருங்கிவிட்டது. 2009இல் அவர் லிபியச் சிறையில் இறந்தார், தற்கொலை என்றார்கள். அந்த ஐ.நா. உரை தன் பெயருக்கு ஒரு கறை என்று பவல் 2005இல் ஒப்புக்கொண்டார்.

இந்த ஒரே வாக்குமூலத்தால் போர் வந்தது என்று நான் சொல்லவில்லை. அணு ஆயுதத்துக்கு என்று சொன்ன அலுமினியக் குழாய்கள், உயிரியல் ஆயுதம் செய்ய என்று சொன்ன நடமாடும் ஆய்வுக்கூடங்கள், 45 நிமிடத்தில் ஏவக்கூடிய ஆயுதங்கள் என்று பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட தகவல் எனப் போருக்குக் காட்டிய காரணங்கள் பல இருந்தன. படையெடுத்த பிறகு தேடிப் பார்த்ததில் ரசாயன, உயிரியல் ஆயுதக் கிடங்குகள் இல்லை. ஆனால் அல்-லிபியின் கதைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அரசு போரைப் பற்றிப் பொய் சொல்வது ஒரு குற்றம், கைதியைச் சித்திரவதை செய்வது வேறொரு குற்றம் என்றே நாம் நினைக்கிறோம். இங்கே முதலாவதற்கு வேண்டிய பொருளை இரண்டாவது தயாரித்துக் கொடுத்தது.

கைதியை அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சினிமா அதை நாள்தோறும் வளர்க்கிறது. வலி தாங்காதவர் தேடுவது உண்மையை அல்ல, அடி எப்போது நிற்கும் என்பதை. விசாரிப்பவரின் முகத்தைப் பார்த்தே எந்தப் பதில் வேண்டும் என்று அவர் கற்றுக்கொள்கிறார். ஆகவேதான் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 15ஆவது பிரிவு, சித்திரவதையால் பெற்ற வாக்குமூலத்தை எந்த வழக்கிலும் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்கிறது. சித்திரவதை செய்தவர் மீதான வழக்குக்கு மட்டுமே விலக்கு. இதைக் குற்றவாளிகளுக்குக் காட்டும் கருணை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். கைதியை மட்டுமல்ல, அவர் வாயிலிருந்து பிடுங்கிய பொய்யைக் கேட்டுத் தன் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பும் குடிமகனையும் காக்கும் விதி இது.

அதே உடன்படிக்கை 1984இல் நிறைவேறியது. அமெரிக்கா 1994இல் ஏற்றுக்கொண்டது. போர், போர் அச்சுறுத்தல், அவசரநிலை, மேலதிகாரியின் உத்தரவு எதுவும் சித்திரவதைக்கு நியாயம் ஆகாது என்று 2ஆவது பிரிவு சொல்கிறது. சித்திரவதை நேரும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் ஒருவரை அந்த நாட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது 3ஆவது பிரிவு. போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் தவிர வேறெதையும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்பது ஜெனீவா ஒப்பந்தம். செஞ்சிலுவைச் சங்கம் கைதிகளைத் தனியே சந்தித்துப் பேசலாம்.

இத்தனையும் ஏட்டில் இருந்தபோதுதான், 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை ஒரு ரகசியக் குறிப்பு தயாரித்தது. உறுப்பு செயலிழப்பு அல்லது மரணம் அளவுக்கு வலி இருந்தால்தான் உடல்ரீதியான சித்திரவதை என்றது அது. அதே மாதம் அபு சுபைதா என்ற சி.ஐ.ஏ. கைதிக்கு 83 முறை நீரூற்றி மூச்சுத்திணற வைத்தார்கள். நாங்கள் சித்திரவதை செய்வதில்லை என்று புஷ் 2005 நவம்பரில் சொன்னார். அதே மாதத்தில்தான் விசாரணைகளைப் பதிவுசெய்த 92 வீடியோ நாடாக்களை சி.ஐ.ஏ. அழித்தது. 2014 டிசம்பரில் வெளியான, செனட் உளவுத்துறைக் குழுவின் இன்னொரு அறிக்கையின் சுருக்கம், சி.ஐ.ஏ. அடைத்துவைத்த 119 பேரில் குறைந்தது 26 பேர் தவறாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று கண்டது.

ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்த படங்கள் 2004 ஏப்ரலில் வெளிவந்தபோது, சில கெட்ட சிப்பாய்களின் செயல் என்று அரசு கைகழுவியது. ஈராக்கில் அடைக்கப்பட்டவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறாகக் கைதானவர்கள் என்று ராணுவ உளவு அதிகாரிகளே தங்களிடம் சொன்னதாகச் செஞ்சிலுவைச் சங்கம் அதற்கு முன்பே அறிக்கை கொடுத்திருந்தது. படங்களை ராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தவரும் அங்கே பணியிலிருந்த ஒரு சிப்பாய்தான், ஜோ டார்பி. சிறைத் தண்டனை கீழ்நிலையோடு நின்றது. உத்தரவுகளை எழுதியவர்கள் எவரும் சிறை செல்லவில்லை. அந்த அநீதி இன்றும் அப்படியே இருக்கிறது.

நிவாரணம் அறவே கிடைக்காமல் போகவில்லை. காலம்தான் கொடுமையாக நீண்டது. ஆள் மாறாட்டத்தில் பிடிபட்டு ஆப்கானிஸ்தான் ரகசியச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மானியர் காலித் எல்-மஸ்ரியின் வழக்கை அரசு ரகசியம் என்று சொல்லி அமெரிக்க நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் அவரைப் பிடித்துக் கொடுத்த மாசிடோனியாவைப் பொறுப்பாக்கி 60,000 யூரோ இழப்பீடு விதித்தது. அபு கிரைபில் துன்புற்ற ஈராக்கியர் மூவருக்கு, அங்கே விசாரணையாளர்களை அனுப்பிய சி.ஏ.சி.ஐ. நிறுவனம் மொத்தம் 4.2 கோடி டாலர் தரவேண்டும் என்று வர்ஜீனியா ஜூரி தீர்ப்பளித்தது 2024 நவம்பரில். வழக்குப் போட்டது 2008இல்.

எந்த நாட்டு அரசானாலும், பிடிபட்டவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லிப் போருக்கோ கடும் சட்டத்துக்கோ ஆதரவு கேட்டால், முதலில் கேட்கவேண்டியது அவரை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான். நீதிபதி முன் நிறுத்தினீர்களா, வழக்கறிஞரைப் பார்த்தாரா, மருத்துவர் பரிசோதித்தாரா, அவர் சொன்னதை வேறு வழியில் சரிபார்த்தீர்களா? அல்-லிபி விஷயத்தில் பத்திரிகைகளும் நாடாளுமன்றங்களும் இதை அழுத்திக் கேட்டிருந்தால் அந்தக் கதை ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

இந்தியா, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. இருந்தாலும் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது பாரதிய சாட்சிய சட்டத்தின் 23ஆவது பிரிவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். அடித்தார்கள் என்றால் அங்கேயே, அப்போதே சொல்லி, மருத்துவப் பரிசோதனை கேட்டுப் பதிவு செய்யச் சொல்லலாம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போகவேண்டும்.

இலங்கை 1994இலேயே சித்திரவதையைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு உதவிப் போலீஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது. அது மிரட்டிப் பெற்றது என்று நிரூபிக்கும் சுமையைக் கைதியின் தலையில் வைத்தது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள், அங்கே உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமை ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. காயம் ஆறிவிட்டது, இனி எதைக் காட்டுவது என்று ஒதுங்கிவிட வேண்டாம். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை தெரிந்த மருத்துவர், பல ஆண்டுகளுக்குப் பிறகும் உடலிலும் மனதிலும் எஞ்சியிருக்கும் தடயங்களைப் பதிவுசெய்து அறிக்கை தர முடியும்.