பழங்காசுகளும் பொருட்காட்சிசாலையும்

திருத்தணிகை மலையடிவாரத்துக் கடைத்தெருவில் சிறிது பொழுது நின்றால், வணிகர் ஒருவரே ஒருவரோடு தமிழிலும் அடுத்தவரோடு தெலுங்கிலும் விலை பேசுவதைக் கேட்கலாம். இவ்வூர் 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்திற்கு மீண்டது. எல்லைக்கோடு இடம்பெயர்ந்தும் கடைத்தெருவின் இருமொழி வழக்கு மாறவில்லை. இவ்வழக்கின் பழமையை நூல்கள் மட்டுமன்றிக் காசுகளும் கூறும். அவை கூறுவதைக் கேட்க நாம் செல்லவேண்டிய இடம் பொருட்காட்சிசாலையாகும்.

அரக்கோணம் வழியாக இருப்புப்பாதையிற் சென்னை சேர்வோர், 1851-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுப் பின் எழும்பூரில் நிலைபெற்ற அரசாங்கப் பொருட்காட்சிசாலையைக் காணலாம். அதன் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார், கும்பினியார் காலத்துக் காசுகளின் வரலாற்றையும் அச்சாலையிலுள்ள காசுகளின் பட்டியலையும் 1890-ல் நூலாக வெளியிட்டார். அக்காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். பன்றி முத்திரை பொறித்த பழைய பொற்காசின் பெயரே, அம்முத்திரை மறைந்த பின்னும் வராகன் என நின்றுவிட்டது. 1818-ல் ரூபாயே தலைமை நாணயமாக, மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடாயிற்று.

1807-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை அக்கசாலையில் அடிக்கப்பெற்ற வெள்ளிக் கால் வராகன் நம் கருத்திற்குரியது. அதன் ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரமும், ஆங்கிலம் பாரசீகம் ஆகிய எழுத்துக்களும் உள்ளன. மறுபுறம் தாமரையினின்று எழும் திருமாலும், சுற்றிலும் தமிழ் தெலுங்கு எழுத்துக்களும் உள்ளன. காசை ஏற்போன் அதன் மதிப்பைத் தன் மொழியிற் படித்தாலன்றி நம்பான் என்பதைக் கும்பினியார் உணர்ந்திருந்தனர் போலும்.

இவ்வுணர்வு அவர்க்குப் புதிதன்று. ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஆண்ட சாதவாகனர் தம் வெள்ளிக் காசுகளில் அரசன் முகத்தைச் சுற்றிப் பிராகிருதத்தையும், மறுபுறம் தென்னாட்டு மொழியொன்றையும் பொறித்தனர். அம்மொழி தமிழே என்பர் அறிஞர் சிலர். தெலுங்கின் சாயலுடையது என்பர் வேறு சிலர். இவ்வழக்கைத் தொடுத்தற்கும் அக்காசு கிடைத்தமையாலன்றோ இடமுண்டாயிற்று!

நிற்க. காசு பேசுவது எழுத்தால் மட்டுமன்று. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே வெட்டுத்தழும்பு காணப்பட்டது. தேய்ந்து எடை குறைந்தவற்றை மீண்டும் நாணயமாக வழங்கவொட்டாது செய்தற்கே அங்ஙனம் வெட்டினர் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். தனிக்காசு ஒன்று கிடைத்திருப்பின் அதனை ஒரு விபத்தென்றே எண்ணியிருப்போம். குவியல் சிதறாமல் ஒருங்கே ஆராயப்பட்டமையால் அஃது ஒரு வழக்கமெனத் துணிய முடிந்தது.

மும்பையில் இந்திய ரிசர்வ் வங்கியார் 2004-ல் திறந்த நாணயப் பொருட்காட்சிசாலை, முத்திரைக் காசுகள் முதல் காகித நோட்டுக்கள் வரை முறைப்படுத்திக் காட்டுவதோடு, பணம் தோன்றி வளர்ந்த வரலாற்றையும் பார்ப்போர்க்குக் கற்பிக்கின்றது. அங்கே செல்ல இயலாதவர் தம் சட்டைப்பையிலுள்ள நோட்டையேனும் எடுத்துப் பார்க்க. அதன் மொழிப்பட்டையில் மேலிருந்து கீழாக எண்ணிவரின், தமிழுக்கு அடுத்த வரியிலே தெலுங்கு நிற்கும். திருத்தணிகைக் கடைத்தெருவே அச்சில் ஏறியது போன்ற காட்சி அது!

ஆயினும் ஒரு குறை நம்மிடம் உளது. ஏர் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் வெளிப்படும் பழங்காசு பெரும்பாலும் தட்டாரின் உலைக்கே செல்கின்றது. உருகியபின் எஞ்சுவது பொன்னின் எடை மட்டுமே. அரசன் பெயரும் மொழியும் கிடைத்த இடமும் புகையாய்ப் போகும். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டோர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. அரசாங்கம் அதனைக் கைக்கொள்ளின், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் கூட்டிக் கொடுக்கவும் அச்சட்டத்தில் விதியுண்டு. அறிவிப்போன் யாவும் இழப்பான் என்னும் அச்சம் வேண்டுவதில்லை. மறைப்பதே குற்றமாகும்.

மாணவ அன்பர்களே, விடுமுறையில் நம் ஊர்களுக்குச் செல்லும்போது இச்செய்தியை உழவர்க்கும் தட்டார்க்கும் எடுத்துரைப்போமாக. உலைக்குத் தப்பிய ஒரு செப்புக்காசு, இந்நாட்டு வரலாற்றில் விடுபட்ட ஒரு வரியை நிரப்பக்கூடும்.