காயல்பட்டினம்: குடிபோகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு



திருமண உறவு, தூத்துக்குடி பக்கத்து வேலை, பிள்ளைகளின் மார்க்கக் கல்வி என்று ஏதோ ஒரு காரணத்தால் தென்கடலோர ஊர்களுக்குக் குடிபோக யோசிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வாடகை எவ்வளவு, நல்ல தண்ணீர் கிடைக்குமா, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் காயல்பட்டினம் போன்ற ஒரு பழைய துறைமுக ஊருக்குப் போகிறவர்கள் அதன் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. தெரியாமல் போனால் அங்குள்ள வழக்கங்கள் புதிராகத் தோன்றும். சில வேளை மனக்கசப்பாகவும் முடியும். மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் கடலை நம்பி வாழ்ந்த அவர்களுக்கும் மார்க்கம் ஒன்று, வந்த பாதை வேறு.

துறைமுகம் இடம் மாறிய கதை

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தைச் சுற்றியே இந்த வரலாறு நடக்கிறது. சங்க காலத்தில் அங்கே பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்தது கொற்கை. ஆறு கொண்டுவந்த வண்டல் ஆண்டுக்காண்டு படிந்து கடலைத் தள்ளிவிட்டது. இன்று கொற்கை கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமம். அடுத்துப் பெயர் பெற்றது காயல். ‘காயல்’ என்றால் கடலை ஒட்டிய உப்பங்கழி. அந்தத் துறைமுகமும் தூர்ந்தது. இன்றைய பழையகாயல் அதன் மிச்சம் என்பர். ஆற்று முகத்துக்குத் தெற்கே கடலோரத்தில் காயல்பட்டினம் நிலைத்தது. கப்பல்களோ பிற்காலத்தில் வடக்கே தூத்துக்குடியைத் தேடிப் போயின. துறைமுகம் போன பிறகும் வணிகம் செய்யும் மக்கள் அதே ஊரில் இருந்தார்கள் என்பதுதான் காயல்பட்டினத்தின் சிறப்பு.

குதிரை வந்தது, முத்துப் போனது

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலில் தங்குவதை எழுதியிருக்கிறார். நம் தட்பவெப்பத்தில் அரபுக் குதிரைகள் நெடுநாள் பிழைக்கவில்லை. அதனால் பாண்டியர்கள் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் என்ற ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறார். அந்த வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக இருந்ததோடு, காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பையும் வகித்தார். முஸ்லிம்கள் இக்கரையில் வேரூன்றியது நம்பிக்கையான வணிகத்தால்தான் என்பதற்கு இது ஒரு சான்று.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்து கடல் வணிகத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவர முயன்றார்கள். 1538இல் வேதாளையில் மரக்காயர் தலைமையில் வந்த கள்ளிக்கோட்டைக் கப்பற்படை அவர்களிடம் தோற்றது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. இந்த நெருக்கடிகளுக்கு நடுவிலும் மார்க்கக் கல்வி நின்றுவிடவில்லை. 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) பின்னர் கீழக்கரையில் வாழ்ந்து அங்கேயே அடங்கினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இக்கரை ஊர்களில் தழைத்தது. காலப்போக்கில் காயலர்கள் மாணிக்கக் கல், நகை வணிகத்துக்காக இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் ஹாங்காங்குக்கும் போனார்கள்.

தொழுகையில் காணும் வேறுபாடு

இஸ்லாம் இக்கரைக்குக் கடல்வழியாக, யமன் முதலிய அரபுக் கரைகளின் தொடர்போடு வந்தது. அதனால் அங்கே ஷாஃபிஈ மத்ஹபு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நாம் பெரும்பாலும் ஹனஃபிகள். அங்கே அஸர் பாங்கு நம் நேரத்துக்கு முன்பே ஒலிக்கும். ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டினாலே அவர்களுக்கு அஸர் நேரம் வந்துவிடுகிறது, நாம் இரு மடங்கு வரை காத்திருக்கிறோம். சுபுஹில் குனூத் ஓதுவார்கள். வித்ரை இரண்டாகவும் ஒன்றாகவும் பிரித்துத் தொழுவார்கள். இரண்டுமே இமாம்கள் காட்டிய வழிதான். முதல் நாளே பள்ளிவாசலில் வாதம் செய்ய இதில் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். நாம் ‘பாய்’ என்று கூப்பிடும் பெரியவரை அங்கே ‘காக்கா’ என்பார்கள். அது மரியாதைச் சொல்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை

நம் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். நம் பக்கத்தில் மணமகள் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். காயல்பட்டினத்தின் பழைய வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. ஆண்கள் மாதக்கணக்கில் கடல் கடந்து போன காலத்தில் பெண்ணும் குழந்தைகளும் தாய்வீட்டில் பாதுகாப்பாக இருக்க இது உதவியது. வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வரும் குறுகிய சந்துகளும், பெண்களுக்கென்று தனித் தைக்காக்களும் அந்த வாழ்க்கையை ஒட்டி வந்தவையே.

இதில் பெண்ணுக்கு ஒரு பலம் இருக்கிறது. தன் வீட்டிலிருந்து அவளை யாரும் எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் மூன்று பெண்களைப் பெற்ற வசதியில்லாத தந்தைக்கு மூன்று வீடு என்பது எவ்வளவு பெரிய சுமை! மார்க்கம் கடமையாக்கியது மாப்பிள்ளை கொடுக்கும் மஹரைத்தான். ஆகவே சம்பந்தம் பேசும்போதே, யார் எங்கே வாழ்வது, வீடு யார் பெயரில், செலவு யாருடையது என்பதை இரு வீட்டாரும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். நிச்சயம் முடிந்த பிறகு பேசினால் அது சண்டையாகிவிடும்.

மண்ணும் மழையும்

கொற்கையை உள்ளே தள்ளிய அதே ஆறும் தாழ்ந்த நிலமும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. வேலூர் பக்கம் ஓர் ஆண்டில் பெய்யும் மழைக்கு நெருக்கமான அளவு அது! தாமிரபரணியும் பெருகி வட்டாரமே வெள்ளத்தில் மூழ்கியது. எனவே மனை வாங்குமுன், வீடு பிடிக்குமுன், அந்த வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாள் நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். கிணற்று நீர் உப்பா, நல்லதா என்று குடித்துப் பாருங்கள். பத்திரத்தில் இவை எழுதியிருக்காது.

போய்ச் சேர்ந்ததும் மஹல்லா ஜமாஅத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கல்தூண்கள் நிற்கும் பழைய பள்ளிவாசல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ரஜப் மாதத்தில் நடக்கும் புகாரி ஷரீஃப் சபையில் உட்காருங்கள். எத்தனையோ நூற்றாண்டுகளாக வெளியூர்க்காரர்களை இறக்கி, தங்கவைத்து, உறவாக்கிக்கொண்ட ஊர் அது. அந்த ஊரின் வழக்கத்தை மதித்துப் போகிறவர்களுக்கு இடம் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். போகும் இடமெல்லாம் நம் குடும்பங்களுக்கு பரக்கத்தையும் நல்ல அண்டை வீட்டாரையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.