வாசல் வரை வந்த வேலை

எம். புதுப்பட்டி. சிவகாசிப் பக்கத்திலே, பட்டாசை நம்பிப் பிழைக்கும் ஊர். சரம் பின்னிப் பின்னி விரல் கறுத்த தாய் ஒருத்தியை நாம் அங்கே அறிவோம். தன் மகன் மருந்தைத் தொடக்கூடாது என்று வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தாள். படித்தான், விண்ணப்பம் போட்டான், செல்போனை நாளுக்குப் பத்து முறை திறந்து பார்த்தான். பதில் இல்லை. "நமக்கெல்லாம் யாருப்பா வேலை குடுப்பாக?" என்றாள் தாய்.

பதில் வந்திருந்தது, தோழர்களே! நாள் குறித்து, நேரம் குறித்து, நேர்முகத் தேர்வுக்கு வா என்று மின்னஞ்சல் வந்திருந்தது. ஆனால் அது 'ஸ்பேம்' எனும் குப்பைப் பெட்டியிலே கிடந்தது. குறித்த நாள் கழிந்து ஒன்பதாம் நாள்தான் அவன் கண்ணிலே பட்டது.

யார் தள்ளினார்கள் அதை அங்கே? அதிகாரியா? ஆகாதவனா? இல்லை, ஒரு கணக்கு!

காவலே கூடாது என்று நாம் வாதிடவில்லை. 1978 மே 3ஆம் நாள், அமெரிக்காவின் அர்பாநெட் வலையிலே, கணினி விற்பதற்காக கேரி துர்க் என்பவர் சுமார் 400 பேருக்கு, யாரும் கேளாமலே மடல் விடுத்தார். அன்று முளைத்த களை இன்று காடு. பரிசு விழுந்தது என்பான், வங்கிக் கணக்கு முடங்கியது என்பான். ஏமாந்து நிற்பவன் ஏழை. ஆகவே வடிகட்டி வேண்டும். 2002இலே பால் கிரகாம் என்பவர் அதற்கொரு வழியை விளக்கி எழுதினார்: எந்தச் சொல் குப்பையிலே மிகுதி, எந்தச் சொல் நல்ல மடலிலே மிகுதி என்று எண்ணு, அதைக்கொண்டு புதிய மடலை எடைபோடு. நல்ல மடலை இழப்பது, குப்பை மடல் வந்து சேர்வதைவிடப் பன்மடங்கு கேடு என்றும் அவரே எழுதினார். அந்த எச்சரிக்கை எத்தனை பேர் காதிலே விழுந்ததோ!

வேடிக்கையைப் பாருங்கள். 'உடனே வருக', 'சம்பளம்', 'கடைசி நாள்' — மோசடிக்காரன் எழுதும் சொற்கள் இவை. உண்மையான வேலைக் கடிதத்திலே இருப்பதும் இவையேதாம்! திருடன் நல்லவனைப்போல வேடம் போட்டான், பிடிபட்டவனோ நல்லவன்.

சொல் மட்டுமா? அனுப்பியவர் யார் என்றும் பார்க்கிறார்கள். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்குமேல் அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் மூன்று அடையாளங்களையும் காட்டவேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் விதித்தது. பெரிய கம்பெனி ஆள் வைத்துச் செய்துகொள்ளும். சிறிய கம்பெனியோ பலர் கூடிக் குடியிருக்கும் மலிவான சர்வரிலே இடம் பிடித்திருக்கும். அங்கே ஒருவன் குப்பை அனுப்பினால், அந்த முகவரிக்கே கெட்ட பெயர். ஓர் அறையிலே மருந்து உராய்ந்தால் பக்கத்து அறையும் பறப்பதை அறிந்த ஊர் எம். புதுப்பட்டி, அதற்கு விளக்கம் வேண்டாம்.

கூட்டத்தைப் பார்த்துக் குற்றம் சாட்டும் முறை நமக்குப் புதிதல்ல. 1871இலே வெள்ளையன் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்த குழந்தையையும் சந்தேகித்தது. 1920இலே பெருங்காமநல்லூர் மக்கள் அதை எதிர்த்துக் குண்டடிபட்டு மாண்டார்கள். அந்தக் கொடுமையும் இதுவும் ஒன்றென்று சொல்லவில்லை; விசாரணைக்கு முன்னே முத்திரை குத்தும் புத்தியைச் சுட்டுகிறோம்.

இன்னொன்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பெறுபவர் குறித்துக் கொடுத்த கணினி அமைப்புக்குள் மடல் நுழைந்த நேரமே அது பெறப்பட்ட நேரம் என்கிறது. ஸ்பேம் பெட்டி அந்த வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது? 'நான் பார்க்கவில்லை' என்று தொழிலாளி சொன்னால், 'உனக்கு வந்துவிட்டது' என்று எதிர்த்தரப்பு வாதிடுமே! ஆகவே கேட்கிறோம்: பிழைப்பைத் தீர்மானிக்கும் அழைப்பை மின்னஞ்சலோடு மட்டும் நிறுத்தலாமா? ஒரு குறுஞ்செய்தி, ஒரு தொலைபேசி அழைப்பு — என்ன செலவு வந்துவிடும்?

அதுவரை, படித்த பிள்ளைகள் அந்தப் பெட்டியை நாள்தோறும் திறக்கவேண்டும். ஜிமெயிலிலே 30 நாள் கழிந்தால் அதிலுள்ளவை தானாகவே அழிந்துபோகும். நல்ல மடல் கிடந்தால் 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்துங்கள். அனுப்பியவரைத் தொடர்பிலே சேருங்கள். அடுத்த மடல் தப்பிக்க வாய்ப்பு கூடும்.

புதுப்பட்டி இளைஞன் அந்தக் கம்பெனிக்கு நடந்ததை எழுதினான். ஆள் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதில் மட்டும் நேரே இன்பாக்ஸுக்கு வந்து சேர்ந்தது.