மின்சுருளின் சினம்

அறிவியல் கண்காட்சி என்றதும் தண்ணீர்த் தொட்டி நிரம்பியவுடன் பம்பைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று மேசைமேல் வந்து அமர்ந்துவிடும். செய்வதும் எளிது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, 12 வோல்ட் மின்கலம். நடுவர்கள் வருமுன் பத்துமுறை ‘டக், டக்’ என்று ஒலித்த ரிலே, அவர்கள் வந்து நின்றதும் ஊமையாகிவிடுவதும் உண்டு. “கடைக்காரர் போலி டிரான்சிஸ்டரைக் கொடுத்துவிட்டார்” என்று பழி அவர் தலையில் விழும். பெரும்பாலும் அவர் குற்றமற்றவர். மிட்டாய் விலைக்குக் கிடைக்கும் ஒரு டையோடை நாம் வைக்காமல் விட்டதே காரணம்.

ரிலே என்பது ஒரு மின்காந்தம். மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால், அது ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும், தகடு தொடுமுனைகளைச் சேர்க்கும், பம்பு ஓடும். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆள்வதே இதன் சிறப்பு.

தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டிரான்சிஸ்டர் ரிலேயை இயக்கும்போது சாவதில்லை, நிறுத்தும்போதுதான் சாகிறது! பாரம் ஏற்றி ஓடிவரும் வண்டியைச் சட்டென நிறுத்த முடியுமா? சுருளில் பாயும் மின்னோட்டமும் அப்படியே. சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. மின்னோட்டத்தைத் துண்டித்தால் அந்தப் புலம் சரிகிறது. சரியும்போது அதே திசையில் மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த முயல்கிறது. வழி அடைபட்டிருப்பதால் மின்னழுத்தம் மேலே மேலே ஏறுகிறது. இதுவே தன்மின்தூண்டல். 1832ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதி வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றியின் பெயரே இன்றும் இதன் அலகாக விளங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுருளின் தன்மின்தூண்டல் எண் அரை ஹென்றி, மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர் என்க. இது ஒரு மைக்ரோ விநாடியில் அற்றுப்போனால் எழவேண்டிய மின்னழுத்தம் 15,000 வோல்ட்! சுருளின் சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்குதிறன் அவ்வளவு தூரம் ஏற விடாது. ஆனாலும் சில நூறு வோல்ட் எழும். பிசி547 என்னும் டிரான்சிஸ்டர் தாங்குவதோ 45 வோல்ட்.

இந்தச் சினத்தை நற்பணிக்குத் திருப்பியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அயர்லாந்து நாட்டு மேனூத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அருட்தந்தை நிக்கோலஸ் கேலன், 1836இல் தூண்டுசுருளை உருவாக்கினார். மின்கலத்தின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்தே மிக உயர்ந்த மின்னழுத்தத்தைப் பெற்றார். சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட பழைய குழல்விளக்கு கண்சிமிட்டி எரிவதும் இதே உதையால்தான்.

இனி நம் சுற்றுக்கு வருவோம். 400 ஓம் சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 30 மில்லி ஆம்பியர் பாயும். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்க, பேஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லி ஆம்பியர் தருவது நல்லது. கட்டளை 5 வோல்ட்டில் வருமானால், பேஸ் எடுத்துக்கொள்ளும் 0.7 வோல்ட் போக மீதி 4.3, ஆகவே 1.2 கிலோ ஓம் மின்தடை போதும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்றையும் இணைத்துவிட்டால், கட்டளைக் கம்பி கழன்றாலும் ரிலே தானாகத் துடிக்காது.

காவலாளி இனித்தான் வருகிறார். 1என்4007 டையோடைச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே தலைகீழாக இணையுங்கள். அதன் உடலிலுள்ள வெள்ளைக்கோடு நேர்மின் பக்கம் இருக்கவேண்டும். ரிலே இயங்கும்போது டையோடு உறங்கும். துண்டித்த கணமே விழித்துக்கொண்டு, சுருளின் மின்னோட்டம் தனக்குள்ளேயே சுற்றித் தணிய வழிவிடும். கலெக்டரில் (மாவட்ட ஆட்சித் தலைவர் அல்லர், டிரான்சிஸ்டரின் ஒரு கால்!) 12.7 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. கோட்டைத் திசைமாற்றி வைத்தாலோ சுருளைச் சுற்றிக் குறுக்குவழி உண்டாகி, முதல் கட்டளையிலேயே டிரான்சிஸ்டர் கருகும்.

பல நூல்கள் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. அது போதாது என்பது என் கருத்து. மின்னோட்டம் மெல்லத் தணிவதால் இரும்புத் தகடும் தயங்கியே விலகுகிறது. தொடுமுனைகள் தயங்கிப் பிரிந்தால் அவற்றிடையே தீப்பொறி நீடிக்கும். நாளடைவில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். அப்போது தொட்டி நிரம்பி வழிந்தாலும் பம்பு நிற்காது. அதனால் டையோடுடன் 24 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றை எதிர்முகமாகத் தொடரிணைப்பில் சேர்ப்பது சிறந்தது. கலெக்டரில் 12, 24, 0.7 மூன்றும் கூடி 36.7 வோல்ட் வரை ஏறும், 45ஐத் தாண்டாது. ஆற்றலும் விரைவில் தீரும், தகடும் விரைந்து விலகும்.

மறுபுறம் பம்பின் மோட்டாரும் ஒரு சுருளே. அது மாறுமின்னோட்டத்தில் ஓடுவதால் அங்கே டையோடு உதவாது. தொடுமுனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைப்பர். மின்தேக்கி, மாறுமின்சார இணைப்புக்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்2 வகையாக இருத்தல் வேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த மின்பணியாளரே செய்யட்டும். ஏனெனில் ரிலே திறந்திருக்கும்போதும் 230 வோல்ட்டிலிருந்து சுமார் 7 மில்லி ஆம்பியர் அந்த மின்தேக்கி வழியே கசிந்துகொண்டிருக்கும். பம்பு ஓடவில்லை என்று கையை வைத்தால் அது அதிர்ச்சி தரும். மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே தொடவேண்டும்.