மலையில் ஒரு ராத்திரி – 9: எவ்வளவு வெளிச்சம் போதும்?

போன வாரம் மேடான இடம் பார்த்துக் கூடாரம் அடித்தோம், கயிறுகளை இழுத்துக் கட்டினோம். இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கைப் பற்றிப் பேசலாம்.

டார்ச் வாங்கக் கடைக்குப் போனால் லுமென் கணக்கில்தான் பேச்சு தொடங்கும். அட்டையில் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பெயர் தெரியாத டார்ச்சுகளின் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நான் நம்புவதே இல்லை. நம்பினாலும் அத்தனை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லுமென் தரும். ஒரு கூடத்துக்கே அது போதுமானதாக இருந்தது. மூன்று பேர் படுக்கும் கூடாரத்துக்குள் 50 லுமென் இருந்தால் தொலைந்த காலுறையைத் தேடலாம், புத்தகமும் படிக்கலாம். சமைக்கும் இடத்துக்கு 100, மிஞ்சினால் 200. அதற்கு மேல் எரிவதெல்லாம் பேட்டரிக்குக் கேடு. உள்ளே விளக்கு எரியும்போது கூடாரத்துணி சினிமாத் திரையாகிவிடும் என்பதால், உடை மாற்றுவதை மட்டும் இருட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைவிட நிறத்தைக் கவனிப்பது முக்கியம். 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் ட்யூப்லைட் மாதிரி வெள்ளை. 2700 என்றால் பழைய பல்பின் மஞ்சள். பூச்சிகளை அதிகம் இழுப்பவை புற ஊதாவும் நீலமும். வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அதை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் ரசத்தில் ஈசல் மிதக்கும். சமையலுக்கு மஞ்சள் விளக்கை வைத்துக்கொண்டு, வெள்ளை விளக்கு ஒன்று இருந்தால் இருபதடி தள்ளி ஒரு கம்பில் மாட்டிவிடுங்கள். பெரும்பாலான பூச்சிகள் அங்கே போய்விடும்.

ஒரே ஒரு விளக்குதான் வாங்க முடியும் என்றால் ஹெட்லாம்ப் வாங்குங்கள். இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். வெள்ளைப் பால் நிறத் தண்ணீர் கேனில் பல்ப் உள்பக்கம் பார்க்கும்படி அதைக் கட்டிவிட்டால், தண்ணீரும் பிளாஸ்டிக்கும் ஒளியைச் சிதறடித்து, அதுவே லாந்தராகிவிடும். ஹெட்லாம்பைத் தலையில் மாட்டிக்கொண்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் அவர் கண் கூசும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் நடக்கும்போது ஹெட்லாம்ப் ஏமாற்றும். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால், கல்லும் குழியும் போடும் நிழல் அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோய், தரை சமதளம் போலத் தோன்றும். அதையே கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்து நடந்தால் சின்னக் கல்லுக்கும் நீளமான நிழல் விழும். மேடு எது, பள்ளம் எது என்று பளிச்சென்று தெரியும். பாதையில் பாம்பு கிடந்தாலும் அப்படித்தான் சீக்கிரம் கண்ணில் படும். பனிமூட்டத்தில் இது இன்னும் முக்கியம். நெற்றியிலிருந்து பாயும் ஒளி நீர்த்துளிகளில் பட்டு நேராக நம் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர் மட்டுமே தெரியும். மலைப்பாதை பஸ்களில் பனிவிளக்கைப் பம்பருக்குக் கீழே வைப்பதும் இதனால்தான்.

ஹெட்லாம்பில் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒருமுறை வெள்ளை ஒளி பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கலான சிவப்பு அந்தச் செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஜவ்வாது மலையில் கூடாரம் அடிப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். அங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் செயல்பாட்டுக்கு வந்தது. நகர வெளிச்சத்திலிருந்து ஒதுங்கிய இருட்டைத் தேடித்தான் வானியலாளர்கள் அந்த மலைக்குப் போனார்கள். அதே இருட்டுக்காகப் பயணம் போய், போன இடத்தில் ஃப்ளட் லைட் போட்டு உட்காருபவர்களை எனக்குப் புரிவதில்லை.

குளிர் இரவில் லித்தியம் பேட்டரி சோர்ந்துபோகும். கொடைக்கானல் மார்கழியில் படுக்கும்போது ஹெட்லாம்பையும் பவர் பேங்கையும் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு, நீர்த்தடுப்புத் தரம் ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் போதும்.

பெட்ரோமாக்ஸ் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ‘வைதேகி காத்திருந்தாள்’ படம் பார்த்தவர்களுக்கு, அந்த விளக்கில் ஒளிரும் மேண்டில் என்ற துணிக்கூடு தொட்டால் உதிர்ந்துவிடும் என்று தெரியும். துணி எரிந்துபோய், எஞ்சிய ஆக்சைடு கூடுதான் ஒளிர்கிறது. பழைய மேண்டில்களில் அது பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் உள்ள மோனசைட்டை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்துதான் இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. உலகத்து விளக்குகளுக்கு நம் கடற்கரையும் ஒளி கொடுத்திருக்கிறது.

அந்தப் பெருமைக்காகப் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டாம். கொண்டுபோனாலும் கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது. நைலான் பற்றிக்கொள்ளும் என்பது ஒரு பயம். மூடிய கூடாரத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பது அதைவிடப் பெரிய பயம். தூங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அரிக்கேன் விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் இதே விதிதான். வெளியே குளிர்கிறது என்று அடுப்பை உள்ளே இழுத்துக்கொள்பவர்களைப் பற்றி அடுத்த வாரம்.