மூன்றாண்டு ஞாயிறுகளை விழுங்கிய எண்

இரண்டை 67 முறை எழுதித் தம்முட் பெருக்குக. வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது 147,573,952,589,676,412,927 என்னும் 21 இலக்க எண்.

பிரான்சு தேசத்துத் துறவியாரான மெர்சென் 1644ஆம் ஆண்டில் இதனை முதன்மை எண் என்றார். அதாவது, ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது என்றார். 1876ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கணித அறிஞர் லூக்காஸ் அக்கூற்றுப் பிழையென நிறுவினார். ஆயினும், அதன் காரணிகள் யாவை என்பதை அவரது முறை காட்டவில்லை. எண் உடையும் என்பது தெரிந்தது. எவ்வாறு உடையும் என்பது தெரியவில்லை.

1903ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகம் நியூயோர்க்கிற் கூடியது. பேராசிரியர் கோல் ஒரு வார்த்தையும் பேசாது கரும்பலகையை அணுகி, முதலில் அவ்வெண்ணைக் கணித்தெழுதினாராம். பின்னர் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கினாராம். விடைகள் இரண்டும் ஒன்றாயிருக்கக் கண்ட சபை கரகோஷஞ் செய்தது என்பர். இதற்குச் சென்ற காலம் மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் பிற்காலத்திற் கூறியதாகவும் சொல்வர்.

இன்று கணினி இவ்வெண்ணைக் கணப்பொழுதிற் பிரித்துவிடும். ஆனால், பல நூறு இலக்கங்கொண்ட எண்களின் முன் அதுவும் திகைக்கும். பெருக்குதல் எளிது, பிரித்தல் அரிது என்னும் இவ்வேற்றுமையே நம் காலத்து இரகசியச் செய்திகள் பலவற்றுக்குக் காவலாய் நிற்கிறது.

மாணவர்களே, கோல் தேடிய காரணிகளைத் தேடும் வேலை உங்களுக்கில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். அவரது மூன்றாண்டு உழைப்பின் உண்மையை இந்த ஒரு ஞாயிறிலேயே நீங்கள் சோதித்தறியலாம்.